வீடு மாறிய பசி

மழை பிடித்தால் மூன்று மாதம் விடாத நீலாம்பாறை எஸ்டேட்டின் மேல்பிரிவில், பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நின்ற ஒரு லைனில், எட்டாம் நம்பர் வீட்டில் லூர்தம்மாளும் அவள் மகள் ஜெசிந்தாவும் குடியிருந்தார்கள். ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை, தேயிலைத் தோட்டத்து ஆறு மணிச் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோது, ஜெசிந்தாவின் பசி அவளை விட்டு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனது.

அது எப்படிப்பட்ட பசி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜெசிந்தாவுக்குப் பதினான்கு வயதில் கண் மங்கத் தொடங்கி, கரும்பலகை எழுத்து தெரியாமல் போய், பிறகு வழியில் படுத்திருக்கும் மாடும் தெரியாமல் போனபோது, லூர்தம்மாள் அவளை மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மூளையின் அடியில் புளியங்கொட்டை அளவு கட்டி இருக்கிறதென்றும், எடுக்காவிட்டால் கண்ணோடு உயிரும் போகுமென்றும், அது பற்றிப் படர்ந்திருக்கிற இடம் கட்டியை எடுக்கும்போது சேதப்படாமல் இருக்காதென்றும் டாக்டர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். எந்த இடம் போனால் என்ன, பிள்ளை இருந்தால் சரி என்று லூர்தம்மாள் கைநாட்டு வைத்தாள். கட்டி போனது, கண் திரும்பி வந்தது, மொட்டை அடித்த தலையில் முடி முளைத்தது, மூன்றாம் வாரம் பசி வந்தது. வந்த பசி அடங்கவே இல்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்த பால்துரை ஆஸ்பத்திரிக் காகிதங்களை இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டு லூர்தம்மாளுக்கு விளங்கும்படி சொன்னார். வயிறு காலியானால் ஒரு ஹார்மோன் ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய்ப் பசி என்று சொல்லும். சாப்பிட்டு முடித்தால் குடலிலிருந்தும் உடம்பில் சேர்ந்திருக்கிற கொழுப்பிலிருந்தும் வேறு ஹார்மோன்கள் புறப்பட்டுப் போய், வந்தது போதும், உள்ளே இருப்பும் இருக்கிறது என்று சொல்லும். இரண்டு பேர் பேச்சையும் கேட்டு முடிவு சொல்வதற்கு மூளையின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் உண்டு.

"உன் பிள்ளைக்குச் சேதி போய்க்கிட்டுதான் இருக்கு லூர்து. அவ ரத்தம் பூரா அந்தச் சேதிதான். வாங்குற எடத்துல ஆள் இல்ல. அதனால இந்தப் பொண்ணு பட்டினி கெடந்து சாவப்போறான்னு அவ மூளை நினைச்சுக்கிட்டு இருக்கு."

பட்டினி கிடப்பவளின் உடம்பு எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே ஜெசிந்தாவின் உடம்பும் நடந்துகொண்டது. கிடைத்ததை எல்லாம் சேர்த்து வைத்தது. நடக்கவிடாமல் அவளைச் சாய்த்துப் போட்டது. மற்றவர்கள் தின்கிற அளவே தின்றாலும் அவள் பெருத்தாள், அதை லூர்தம்மாள் சத்தியம் செய்து சொன்னாலும் லைனில் ஒருவரும் நம்பவில்லை. அவள் ஊறப்போட்ட அரிசியைத் தின்றாள், மாட்டுக்கு வைத்த தவிட்டைத் தின்றாள், பிள்ளைக் காப்பகத்துப் பால்பவுடரை டின்னோடு தூக்கிப்போய்த் தேயிலைச் செடிக்கு நடுவில் உட்கார்ந்து தின்றாள். ஒன்பதாம் வீட்டு முத்துப்பேச்சியின் மகளுக்கு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, அவர்களுக்காகச் சுட்டு அடுக்கிய அதிரசம் அத்தனையையும் பின்கதவு வழியாகப் புகுந்து தின்றாள். முத்துப்பேச்சி அவள் தலைமயிரைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்து, அடுப்பிலிருந்து எடுத்த தோசைக்கரண்டியால் மணிக்கட்டில் இரண்டு போட்டாள். அந்தத் தழும்பு ஒட்டிய இரண்டு கோடாக அங்கேயே இருந்தது. லூர்தம்மாள் சமையலறைக்குப் பூட்டுப் போட்டாள். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற நேரம் முழுக்கச் சாவி அவள் கழுத்தில் கிடந்து ஆடியது. ஏழு வருஷம் அப்படிப் போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை லூர்தம்மாள் வழக்கம்போல மூன்று இட்லியை எண்ணித் தட்டில் வைத்துவிட்டு, இன்னும் கேட்டு மகள் அழப்போகிற அழுகைக்குத் தன்னைத் தயார் செய்துகொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா ஒரு இட்லியை மெதுவாகப் பிட்டுத் தின்றாள். இரண்டாவதில் பாதி தின்றாள். பிறகு கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, வயித்த வலிக்குதா?"

"இல்லம்மா." அவள் இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தாள். "போதும்போல இருக்கு."

லூர்தம்மாள் அதைக் காதில் வாங்கினாள், ஆனால் அந்தச் சொல் தன் மகள் வாயிலிருந்து வந்ததாக அவளுக்குப் படவில்லை. தட்டைத் தள்ளிப் பார்த்தாள், மகள் அதைத் திரும்ப இழுக்கவில்லை. சமையலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்று பார்த்தாள். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் போய் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சரிவில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன், யார் நட்டது என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் ஒன்பதாம் வீட்டில் முத்துப்பேச்சி, காலைச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவி, கழுவிய கை ஈரம் காய்வதற்குள் மறுபடி பானையைத் திறந்துகொண்டிருந்தாள். அது காலியானதும் மத்தியானத்துக்கு வைத்த சோற்றைத் தின்றாள். பிறகு பச்சைக் கருவாட்டையும், பிறகு புளியையும், பிறகு வெறும் கடுகையும் அள்ளி வாயில் போட்டாள். படுக்கையில் கிடந்த அவள் புருஷன் அருணாசலம் பக்கவாதத்தில் வாய் கோணிப்போனவர், அவர் கத்த முடியாமல் கையால் கட்டிலைத் தட்டித் தட்டி ஆட்களைக் கூப்பிட்டார். ஆட்கள் வந்து பார்த்தபோது முத்துப்பேச்சி எட்டாம் வீட்டு வாசலில், லூர்தம்மாள் சமையலறையின் பூட்டு தெரிகிற இடத்தில் வந்து நின்று, அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆறு மணிச் சங்குக்குப் பசி அவளை விட்டது. பத்தாம் வீட்டில் பிடித்தது. அதற்கடுத்த நாள் பதினொன்றில். பிடித்தவர்கள் வேலைக்குப் போகவில்லை, போக உடம்பில் தெம்பு இல்லை, ஆனால் தின்கிற வேலைக்கு மட்டும் தெம்பு இருந்தது. யாராயிருந்தாலும் சாயங்காலத்துக்குள் எட்டாம் வீட்டு வாசலில் வந்து நின்று பூட்டைப் பார்த்தார்கள். அதை வைத்துத்தான் இது ஜெசிந்தாவின் பசி என்று லைன் புரிந்துகொண்டது. அதில் ஒருவருக்கும் பெரிய ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. மழையில் அட்டை ஏறுவதைப்போல, யானை வந்து ரேஷன் கடைச் சுவரை இடிப்பதைப்போல, இதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கும், அதைத் தெரிந்துகொண்டால் சமாளித்துவிடலாம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரு ஜெபம் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை மாடசாமி பீடத்தில் ஒரு சேவலை அறுத்தார்கள். அன்று பசி நான்காம் வீட்டில் இருந்ததால் அந்தச் சேவலை நான்காம் வீட்டுக்காரி தனியாகவே தின்று முடித்தாள்.

ஒழுங்கைக் கண்டுபிடித்தது பால்துரைதான். எந்த வீட்டு முறையோ அந்த வீட்டில் அன்று காலை அடுப்பைப் பற்றவைத்த ஆளைத்தான் பசி பிடிக்கிறது, மற்றவர்களைத் தொடுவதில்லை என்று அவர் வீடு வீடாக விசாரித்துச் சொன்னார். அதற்குப் பிறகு லைனில் புதுப் பழக்கங்கள் வந்தன. முறை வருகிற வீட்டுக்கு மற்ற வீடுகளிலிருந்து ஆளுக்கொரு பாத்திரம் சோறு போனது. அன்றைக்கு யார் அடுப்பு மூட்டுவது என்று முந்தின நாளே வீட்டுக்குள் பேசி முடிவு செய்தார்கள், அதுவரை தீப்பெட்டியைப் பீடிக்கு மட்டுமே தொட்ட ஆண்கள் சிலர் தாங்கள் மூட்டுவதாகச் சொல்லி மூட்டினார்கள். ஐந்தாம் வீட்டு லாரி டிரைவர் அப்படி மூட்டி, மூன்று படி சோறு தின்று, தின்ற சோற்றின் மேலேயே விழுந்து அழுதார். எவ்வளவு தின்னாலும் முதல் வாய் தின்ன மாதிரியே இருக்கு, வயிறு வெடிக்குது, அப்பவும் தலைக்குள்ள ஒருத்தன் சாவப்போற சாவப்போறன்னு சொல்லிக்கிட்டே இருக்கான் என்று அவர் பிறகு சொன்னதை லைன் முழுக்க வெகுநாள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பன்னிரண்டாம் நாள் முறை எட்டாம் வீட்டுக்கு வந்தது. அது தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடுமோ என்று பயந்து லூர்தம்மாள் விடிவதற்கு முன்பே எழுந்து, மகளைச் சமையலறைப் பக்கமே வரவிடாமல், தானே அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சங்கு ஊதும்வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பசி அவளைப் பிடித்தது. அன்று முழுக்க ஜெசிந்தா தன் தாய்க்குப் பரிமாறினாள். லூர்தம்மாள் தின்றாள், தின்றுகொண்டே சுவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டே மகள் ஏழு வருஷம் பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுத ஒவ்வொரு நாளையும் நினைத்தாள். சாயங்காலம் மகளின் முகத்தைத் தொட்டு, இப்படியா உனக்கு இருந்துச்சு என்று கேட்டாள்.

ஜெசிந்தா தாயின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"இப்படி இல்லம்மா. நாளைக் காலையில விட்டுப் போயிரும்னு உனக்குத் தெரியும்ல."

அந்தப் பன்னிரண்டு நாளில் லைன் முழுவதும் அவள் இருந்த இடத்துக்கு ஒருமுறை போய் வந்துவிட்டது. அவளைத் தடிச்சி என்று கூப்பிட்ட வாய்கள் நின்றன. முத்துப்பேச்சி ஒரு நாள் மத்தியானம் மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, ஜெசிந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, வெளியே போய்த் துப்பிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். கடைசியில் அவள் கையை இழுத்து மடியில் வைத்து, தழும்பின் மேல் தேங்காய் எண்ணெயைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு எனக்குத் தெரியாது புள்ள."

"தெரிஞ்சிருந்தாலும் அடிச்சிருப்பீங்க அத்தை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசல்ல நின்னாங்கல்ல."

முத்துப்பேச்சி எண்ணெய் முழுக்க இறங்கும்வரை தேய்த்தாள்.

அப்படி ஆவணி போனது, புரட்டாசி போனது. ஜெசிந்தா மெலிந்தாள். சரிவில் ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. சாப்பாட்டைத் தவிர மற்றவர்கள் நாள் முழுக்க வேறு எதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தனக்குத் தெரியாமலே இருந்தது என்றும், இப்போது மண்டைக்குள் ஒரு வீடு காலியானதுபோல இவ்வளவு இடம் இருப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று புரியவில்லை என்றும் அவள் பால்துரையிடம் சொன்னாள். பழைய பத்திரிகைகளை வாங்கிப்போய்ப் படித்தாள். எந்தப் பறவை எப்போது கத்துகிறது என்று எழுதி வைத்தாள். பிள்ளைக் காப்பகத்து ஆயா பேறுகாலத்துக்குப் போனபோது, அந்த இடத்துக்கு யார் வருவது என்று பெண்கள் பேசி, ஜெசிந்தா வரட்டும் என்று அவர்களே சூப்பர்வைசரிடம் சொன்னார்கள். பதினாறு பிள்ளைகளுக்கு அவள் பால் கலக்கி ஊட்டினாள். தோளில் போட்டுத் தட்டும்போது எந்தப் பிள்ளைக்கு நிறைந்துவிட்டது, எந்தப் பிள்ளைக்கு இன்னும் வேண்டும் என்பதை அவளைப்போலச் சரியாகச் சொல்லும் ஆள் அந்தக் காப்பகத்தில் அதற்கு முன் இருந்ததில்லை என்று தாய்மார்கள் சொன்னார்கள்.

ஐப்பசியில் மூன்றாம் வீட்டுக்காரர்கள் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கினார்கள். கேஸ் சிலிண்டர் நேரத்துக்கு வருவதில்லை என்று காரணம் சொன்னார்கள். அதில் தீ இல்லை, ஒரு கறுப்புக் கண்ணாடியும் ஒரு சிவப்பு விளக்கும்தான் இருந்தது. அவர்கள் முறை வந்த நாளில் அந்த அடுப்பில் உப்புமா கிண்டினார்கள், பசி அந்த வீட்டில் நிற்காமல் நான்காம் வீட்டுக்குப் போய்விட்டது. நான்காம் வீட்டுக்காரிக்குத் தொடர்ந்து இரண்டு நாள் ஆனது. அவள் மூன்றாம் வீட்டு வாசலில் போய் நின்று எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவள் வீட்டிலும் ஒரு கரண்ட் அடுப்பு வந்தது. விறகு ஈரமாக இருக்கிறது என்றாள். பிறகு ஆறாம் வீட்டில் வந்தது, பத்தில் வந்தது, ஒன்றிலும் இரண்டிலும் ஒரே நாளில் ஒரே வண்டியில் வந்தது. லாரி டிரைவர் கடைசிவரை தாக்குப் பிடித்தார். ஒரு திங்கட்கிழமை அவர் வீட்டுக்கும் அட்டைப்பெட்டி இறங்கியபோது ஜெசிந்தா எதிரில் வர, அவர் பெட்டியை மறைக்க முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, பிள்ளைக சின்னப் பிள்ளைக பாப்பா என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

கார்த்திகை பிறந்தபோது காலை நேரத்தில் அந்தக் கூரையில் இரண்டே இடத்தில் புகை எழும்பியது. எட்டாம் வீட்டில் லூர்தம்மாளும் ஒன்பதாம் வீட்டில் முத்துப்பேச்சியும் விறகு அடுப்பு எரித்தார்கள். பசி ஒரு நாள் இந்த வீட்டில், ஒரு நாள் அந்த வீட்டில் என்று போய் வந்துகொண்டிருந்தது. மற்ற பத்து வீட்டிலும் சோறு கொடுத்து அனுப்புவதை நிறுத்தவில்லை. கூடவே குழம்பும் அனுப்பினார்கள், பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போனார்கள். திருப்பூரிலிருந்த முத்துப்பேச்சியின் மகனும் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு ஒரு கரண்ட் அடுப்பை அனுப்பி வைத்தான். அவள் அதை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் அருணாசலத்தின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"நீங்களும் பிரிச்சு வைங்க மைனி. நான் பார்த்துக்கிடுதேன்," என்றாள் லூர்தம்மாள்.

"எத்தனை நாளு பார்ப்ப? தினமும் நீயே தின்னுக்கிட்டு இருந்தா கொழுந்தெடுக்க யாரு போறது?" என்றாள் முத்துப்பேச்சி.

முத்துப்பேச்சிக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. அவளுக்கு என்ன வயதோ அதில் பாதி வருஷமாக இருந்தது. ஒன்று விட்டு ஒரு நாள் அவள் பானை பானையாகத் தின்ற சோறு அவள் ரத்தத்தில் ஏறியது. கார்த்திகைக் கடைசியில் அட்டை கடித்த இடம் ஒன்று வலது காலில் ஆறாமல் புண்ணாகி, இரண்டு விரல் கறுத்தது. பால்துரை கட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், இன்னும் ஒரு வாரம் இவள் இப்படித் தின்றால் கால் போகும், அதற்கடுத்த வாரம் ஆளே இருக்கமாட்டாள் என்று சொன்னார். அவர் அதை லூர்தம்மாளிடம்தான் சொன்னார். ஜெசிந்தா காப்பகத்துப் பிள்ளை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

அன்று மத்தியான பஸ்ஸில் முத்துப்பேச்சியைக் கூட்டிப்போக லூர்தம்மாளை விட்டால் வேறு ஆள் இல்லை. அருணாசலத்தை லாரி டிரைவரின் பெண்சாதி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அன்று பசி முத்துப்பேச்சியிடம் இருந்ததால், பஸ் கிளம்புவதற்குள் அவள் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தோலோடு தின்று முடித்தாள். நாளைக் காலை இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது, லைனில் எங்குமே தீ இருக்காது, தீ இல்லாவிட்டால் அது எங்கே போகும் என்று லூர்தம்மாள் பஸ் படியில் நின்றபடி மகளிடம் கேட்டாள். எங்கயாவது போகட்டும்மா, நீ அத்தையைப் பாரு என்றாள் ஜெசிந்தா.

பஸ் போன பிறகு அவள் காப்பகத்துக்குத் திரும்பிப் போனாள். சாயங்காலம் தாய்மார்கள் வந்து பிள்ளைகளை வாங்கிக்கொள்ளும்வரை இருந்தாள். பதினாறாவது பிள்ளையையும் கொடுத்துவிட்டு, பால் பாத்திரங்களை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து, காப்பகத்துச் சாவியை சூப்பர்வைசரின் வீட்டில் போய்க் கொடுத்து, நாளையிலிருந்து வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். வரும் வழியில் டிஸ்பென்சரிக்குப் போய்ப் பால்துரையிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். எங்குமே தீ இல்லை என்றால் அது கடைசியாக யாரிடம் இருந்ததோ அவரிடமே தங்கிவிடுமா என்று கேட்டாள். தெரியாது என்றார் அவர். அன்று சாப்பாட்டுக்கு அவள் கொஞ்சம் ரசம் விட்டுப் பிசைந்து, ஓர் அப்பளம் பொரித்து, சன்னல் ஓரம் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த டிரைவர் பெண்சாதி பிறகு சொன்னாள். சாப்பிட்டு முடித்த பிறகும் வெறும் தட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம்.

காலையில் எட்டாம் வீட்டில் புகை எழும்பியது. பத்து வீட்டுச் சன்னலிலிருந்தும் அதைப் பார்த்தார்கள். டிரைவர் பெண்சாதி ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். ஜெசிந்தா அடுப்புக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தீ நன்றாகப் பிடித்திருந்தது. தண்ணீர் ஊற்றி அணைச்சிரு புள்ள, இன்னும் சங்கு ஊதல என்று அவள் கெஞ்சினாள். ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. சங்கு ஊதியது.

இரண்டு நாள் கழித்து லூர்தம்மாள் வந்தாள். ஆஸ்பத்திரியில் முத்துப்பேச்சியின் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள், கால் தப்பியது. போன மறுநாள் காலையிலேயே பசி அவளை விட்டுப் போனதைப் பார்த்ததும் லூர்தம்மாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தவளுக்கு, வீட்டுக்குள் நுழைந்தபோது கண் காய்ந்திருந்தது. சமையலறை பூட்டியிருந்தது. சாவியைக் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டேன் என்றாள் ஜெசிந்தா. அவள் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கன்னமெல்லாம் அழுத தடம்.

"என்னைக் கேக்காம ஏன்டி செஞ்ச?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"நான் ஒருத்தி இருக்கேன்ல. நான் தின்னுட்டுப் போறேன், எனக்கென்ன."

"நாலு மாசம் நான் எல்லாரையும் மாதிரி இருந்துட்டேன்மா," என்றாள் ஜெசிந்தா. தாயின் கையிலிருந்த பையைப் பார்த்தாள், அதில் தின்ன ஏதாவது இருக்கிறதா என்று அவள் கண் தேடியது. தேடுகிறோம் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பசி அதற்குப் பிறகு வீடு மாறவில்லை. லூர்தம்மாள் தை முழுக்க, மாசி முழுக்க, மகளுக்கு முன் எழுந்து தீ மூட்டி அதன் முன்னால் காத்திருந்து பார்த்தாள். முத்துப்பேச்சியும் கட்டுப்போட்ட காலோடு தன் வீட்டில் மூட்டிப் பார்த்தாள். சங்கு ஊதும், ஒன்றும் நடக்காது, அவர்களுடைய சொந்தப் பசி மட்டும் எட்டு மணி வாக்கில் வந்து கஞ்சி குடித்ததும் போய்விடும். மற்ற வீட்டுக்காரர்களும் பங்குனிக்குள் ஒவ்வொருவராகக் கரண்ட் அடுப்பை எடுத்துவைத்துவிட்டு விறகுக்குத் திரும்பினார்கள். பாப்பாவுக்குத் தின்ன ஏதாவது வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வரட்டும் என்று லூர்தம்மாளிடம் அப்போதுதான் சொன்னார்கள். அவள் சரி என்றாள்.

ஜெசிந்தா ஒன்பது வருஷம் இருந்தாள். மறுபடி பெருத்தாள், மூச்சு வாங்கினாள், கால்கள் வீங்கின. ஒருமுறைகூட யார் வீட்டுக் கதவையும் அவள் அதற்குப் பிறகு திறக்கவில்லை. அது அவளால் எப்படி முடிந்தது என்று பால்துரைக்கு விளங்கவில்லை, அவர் படித்த எதிலும் அப்படி இல்லை. காப்பகத்தைத் தாண்டிப் போகிற நாட்களில் பாதையின் அந்தப் பக்கமே நின்று பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவாள். மார்கழியில் ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை. முப்பது வயது. இதயம் என்றார் பால்துரை.

மேல்பிரிவு முழுக்க அன்று வேலைக்குப் போகவில்லை. பெட்டியைத் தூக்க ஆறு பேர் போதவில்லை, பன்னிரண்டு வீட்டு ஆண்களும் தோள் மாற்றிக்கொண்டு வழுக்கும் சரிவில் ஏறிக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பியதும் எல்லாருக்கும் பசித்தது. கொண்டுவந்து வைத்த சோற்றைச் சாப்பிட்டார்கள், சாப்பிட்டதும் பசி அடங்கியது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கை கழுவப் போனார்கள்.

லூர்தம்மாள் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் முத்துப்பேச்சி நொண்டி நொண்டி வந்து, ஒரு கிண்ணம் கஞ்சியை அவள் கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்துவிட்டாள். லூர்தம்மாள் குடித்தாள். நாக்குக்கு அது நன்றாக இருந்தது. பாதிக் கிண்ணம் இறங்கியதும் வயிறு நிறைந்தது, அவள் சொல்லாமலே, அவளைக் கேட்காமலே நிறைந்தது. இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள், உள்ளே போகவில்லை. முத்துப்பேச்சி இன்னும் கொஞ்சம் குடி என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டாள். மீதிக் கஞ்சி ஆறி ஆடை கட்டும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.